பக்கத்து வீட்டுச் சுழியோடியின் சிகரட்

தரம் பத்தில் முதலாம் தவணை தொடங்கிய கையோடு சுகாதாரப் பாட ரீச்சர் எங்களுக்கு ஒரு செயற்றிட்டம் தந்தார். புகைத்தல் பழக்கமுள்ள இளைஞர் ஒருவரைப் பேட்டி கண்டு அறிக்கை எழுத வேண்டும். கேள்விகளை அவரே கரும்பலகையில் எழுதினார். எந்த வயதில் தொடங்கினீர்கள், யார் பழக்கினார்கள், தீமைகள் தெரியுமா, விட முயன்றீர்களா, எதிர்கால இலட்சியம் என்ன.

"அப்பாவைக் கேக்கலாமோ ரீச்சர்?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"உங்கடை அப்பா இளைஞரோ?"

வகுப்பே சிரித்தது. ரீச்சரும் சிரித்தார். பிறகு, "ஆளின்ரை பேர் போட வேண்டாம். ஆனா ஆள் உண்மையான ஆளா இருக்கோணும். கற்பனையா எழுதினா எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான். பின்னேரங்களில் அந்த வேலிக்கு மேலால் சிகரட் புகை வரும். அந்த வீட்டு அண்ணா கிணற்றடிக்குப் பின்னால் நின்று குடிப்பார். அவருடைய தாய்க்குத் தெரியாமல் குடிப்பதாக அவருக்கு நினைப்பு. தாய்க்கும், எங்களுக்கும், அந்த ஒழுங்கையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். தகப்பன் காய்ச்சலில் செத்தபோது பள்ளிக்கூடத்தை விட்டவர். முதலில் வலைக்குப் போனார். சண்டை முடிந்து கடலுக்குப் போகும் தடைகள் தளர்ந்த பிறகு கடலட்டை பிடிக்கப் போகத் தொடங்கினார். கடலின் அடியில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் அந்தப் பிராணியை எங்கள் ஊரில் யாரும் சாப்பிடுவதில்லை. அவித்துக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அதை எடுக்க முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்க வேண்டும். அண்ணா நல்ல சுழியோடி என்று பெயரெடுத்திருந்தார்.

நான் பேட்டி எடுக்கப்போவதாகச் சொன்னதும் அம்மா முகத்தைச் சுளித்தார். "வளர்ந்த பொடியனோடை உனக்கென்ன பேட்டி?" என்றார். பிறகு தானே வேலிக்கு மேலால் எட்டி, அவருடைய தாயிடம் விஷயத்தைச் சொன்னார். நான் மாமி என்று கூப்பிடுகிற அந்தப் பெண் எங்கள் பங்குக் கோயிலில் செபமாலை முன்னுக்குச் சொல்பவர். புகை மணக்கும் சேட்டைத் தோய்க்கும்போதெல்லாம் ஊருக்கே கேட்கத் திட்டுவார். பேட்டி என்றதும் அவருக்குச் சந்தோசம். "வரட்டும், வரட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேட்டாலாவது அவனுக்கு வெக்கம் வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனேன். முற்றத்தில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். மாமி குசினி வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்து விளைமீனுக்குச் செதிள் சீவினார். தான் எதையும் கேட்கவில்லை என்று காட்டுவதற்காக அப்படி இருந்தார். அண்ணா தலை வாரி இழுத்து, பூசைக்குப் போட்ட சேட்டோடேயே இருந்தார். அவர் என்னைவிடப் பயந்திருந்தார்.

"கேள் பிள்ளை."

"நீங்கள் எந்த வயதில் புகைக்கத் தொடங்கினீர்கள்?" தாளைப் பார்த்து வாசித்தேன்.

அவர் சிரித்துவிட்டார். "ரேடியோவிலை செய்தி வாசிக்கிற மாதிரிக் கேக்கிறாய். சாதாரணமாக் கேள்."

"எப்ப துடங்கினனீங்கள் அண்ணா?"

"அட்டைக்குப் போகத் துடங்கின முதல் நாள்."

"ஆர் பழக்கினது?"

அவர் தாயின் முதுகைப் பார்த்தார். கொஞ்சம் குரலைக் குறைத்தார். "ஒருத்தரும் பழக்கேல்லை. முதல் நாள் இறங்கி ஏறினாப் பிறகு எனக்குக் கை கால் நடுங்கினது. கட்டுப்படுத்த ஏலாது. காதாலை இரத்தம் வேறை. போட்டிலை இருந்த மூத்த சுழியோடி ஒருத்தர் தான் குடிச்சுக்கொண்டிருந்த சிகரட்டை எடுத்து என்ரை வாயிலை வைச்சார். 'இழு, சூடு ஏறும்' எண்டார். இழுத்தன். நடுக்கம் நிண்டது. அவ்வளவுதான் கதை."

குசினி வாசலில் செதிள் சீவும் சத்தம் நின்றிருந்தது. காதால் இரத்தம் வந்த விஷயம் மாமிக்கு அன்றுதான் தெரியும் என்று நினைக்கிறேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்துக் கத்தி மறுபடி அசைந்தது.

"புகைத்தலின் தீமைகள் தெரியுமோ?"

"பெட்டியிலை படம் போட்டிருக்காம். நான் பெட்டி வாங்கினாத்தானே படம் பாக்க. ஒண்டொண்டாத்தான் வாங்கிறனான்."

"சுழியோடிக்கு மூச்சு முக்கியமெல்லோ அண்ணா? சிகரட் குடிச்சா மூச்சுப் பிடிக்க ஏலாதே?"

"மூச்சு சிலிண்டருக்கை இருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்து, பகிடியை விட்டுவிட்டுச் சொன்னார். "தெரியும் பிள்ளை. படியேறினா இளைக்குது. இருவத்திரண்டு வயசிலை அப்பிடி இளைக்கக் கூடாது. எனக்குத் தெரியும்."

"விடப் பாத்தனீங்களோ?"

"பாத்தன். கரையிலை நிக்கிற நாளிலை விடலாம். கடலிலை ஏலாது. ஒரு சிலிண்டர் முடிஞ்சு ஏறினா, மற்றச் சிலிண்டரைக் கட்ட முந்தி ஒண்டு குடிக்கோணும். அந்த நேரம்தான் அந்த நாளிலை எனக்கெண்டு இருக்கிற நேரம்."

"அப்ப அட்டைக்குப் போறதை விட்டா?"

"இந்தக் கேள்வி உன்ரை தாளிலை இருக்கோ?"

இருக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு கடைசிக் கேள்விக்குப் போனேன். எதிர்கால இலட்சியம். எங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் அந்தக் கேள்விக்கு மறுமொழி பாடமாக்கிக் கிடக்கும். வைத்தியர், ஆசிரியர், சட்டத்தரணி. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்டும் எழுதாமல் விடு" என்றார்.

போகும்போது, "என்ரை பேரைப் போட்டிடாதை, சரியோ" என்றார்.

அறிக்கையை எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். ரீச்சர் நின்ற நிலையிலேயே முழுவதையும் வாசித்தார். நல்லாயிருக்கிறது என்றார். ஆனால் முடிவு சரியில்லை என்றார். "வாசிக்கிற பிள்ளையளுக்கு ஒரு நம்பிக்கை வரோணும். இந்த ஆள் விட்டிட்டார், இல்லாட்டி விட முயற்சி எடுக்கிறார் எண்டு முடிஞ்சா எவ்வளவு நல்லது. நீர் ஒருக்காக் கதைச்சுப் பாருமன்."

நான் பொய் எழுதத் துணியவில்லை. ஆகவே, அதை உண்மையாக்குவதற்காக மறுபடி அவரிடம் போனேன். அவர் கிணற்றடியில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் சிகரட்டைக் காலடியில் போட்டு மிதித்தார்.

"அண்ணா, நீங்கள் விட்டிட்டால் எனக்குக் கூடப் புள்ளி கிடைக்கும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உனக்குப் புள்ளி கிடைக்க நான் விடோணுமோ?"

"விபூதிப் புதன் வருது. தபசு காலத்துக்கு மட்டும் விடுங்கோவன். எல்லாரும் ஏதாவது விடுகினம்தானே. அம்மா இறைச்சியை விடுறா."

இதை நான் முன்கூட்டி யோசித்துக்கொண்டு போகவில்லை. வாயில் வந்தது. ஆனால் அந்த வார்த்தை அவரைப் பிடித்துவிட்டது. புகைத்தல் கேடு என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். தபசு காலம் என்றதும் யோசித்தார். "பாஸ்குத் திருநாள் வரைக்கும்தானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். "சரி. அம்மாவுக்குச் சொல்லாதை. ஏலாமல் போனா மனுசி அழும்."

விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்தவர், அதற்குப் பிறகு குடிக்கவில்லை. நாங்கள் சொல்லாமலே மாமிக்குத் தெரிந்துவிட்டது. சேட்டு மணக்கவில்லையே. முதல் வாரம் அவர் பெரும் பாடுபட்டார். சின்ன விஷயத்துக்கெல்லாம் தாயோடு சண்டை பிடித்தார். சட்டைப் பையில் இஞ்சி டொபி போட்டுக்கொண்டு திரிந்தார். போகவர எனக்கும் ஒன்று தருவார். மாமி ஒருநாள் பெரிய கணவாய் மீன் ஒன்றைச் சட்டியில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தலையில் கை வைத்து, "நீதான் பிள்ளை, நீதான்" என்றார். கண் கலங்கியிருந்தது.

என் அறிக்கையின் கடைசி வரியைச் சிவப்புப் பேனையால் எழுதினேன்: "இப்போது இவர் புகைப்பதில்லை." எழுதும்போது அது உண்மை.

குருத்து ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப் பாதை நடந்துகொண்டிருந்தது. சனம் நிறைந்த கோயில். மாமி முன்வரிசையில் நின்றார். பக்க வாசலில் இரண்டு பொடியன்கள் வந்து நின்றார்கள். கடலில் நனைந்த உடுப்போடு, செருப்பில்லாமல் நின்றார்கள். அவர்கள் யாரைத் தேடுகிறார்கள் என்று கோயிலில் நின்ற சனம் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தது. தங்கள் ஆளாக இருக்கக் கூடாது என்று எல்லாரும் அந்த நேரத்தில் மன்றாடியிருப்பார்கள். நானும் கடலுக்குப் போயிருந்த அப்பாவை நினைத்துக்கொண்டு மன்றாடினேன். பொடியன்களின் பார்வை மாமியில் போய் நின்றது. மாமி கையிலிருந்த புத்தகத்தை மூடி வாங்கில் வைத்துவிட்டு நடந்து வந்தார். வாசலில் நின்று, "உயிர் இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு அம்மா. கால்தான் விளங்கேல்லையாம்."

ஆழத்தில் நெடுநேரம் கிடந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி கட்டும் என்பதை நாங்கள் பிறகுதான் அறிந்துகொண்டோம். சுழியோடிகளுக்கு அது தெரியும். அதற்கு அவர்கள் அறிந்த வைத்தியம் ஒன்றுதான். புதுச் சிலிண்டரைக் கட்டி ஆளைத் திரும்பவும் கடலுக்குள் இறக்குவார்கள். அன்றும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரோடு கீழே இருந்திருக்கிறான். மேலே தூக்கியபோதும் கால்கள் துணிபோலத்தான் தொங்கினவாம். மன்னார் ஆசுபத்திரியில் அவரைப் பார்த்த டொக்டர்மார் உடனேயே தூரத்து நகரமொன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆளை உள்ளே வைத்து அழுத்தம் கொடுக்கிற இயந்திரம் இருந்ததாம். அதற்குள்ளும் வைத்து எடுத்தார்கள். கால் வரவில்லை.

அடுத்த கிழமை அவரோடு கடலுக்குப் போகிற இன்னொரு சுழியோடி எங்கள் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் அப்பாவோடு இருந்து கதைத்தார். நான் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வழக்கமா ஒரு சிலிண்டர் முடிஞ்சு ஏறினா, ஒரு சிகரட் குடிச்சு முடியும் வரைக்கும் இருப்பான் அண்ணை. இந்த மாசம் அவன் குடிக்கேல்லைத்தானே. 'சும்மா இருந்து என்ன செய்ய' எண்டு உடனை உடனை மற்றதைக் கட்டிக்கொண்டு இறங்கினான். நாங்கள் பின்னாலை நிக்க அவன் எங்களை விடக் கூட அட்டை எடுத்தான்."

அவர் யாரையும் குற்றம் சொல்லிச் சொல்லவில்லை. என் செயற்றிட்டம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவும் "ம்" என்றுதான் சொன்னார். நான் குசினிக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "அதை நினையாதை" என்றார். அவரும் கேட்டிருந்தார்.

பின்னாளில் ஒரு டொக்டரிடம் இதை விசாரித்தேன். ஒரு சிகரட் குடிக்கிற நேரம் இருந்தால் என்ன, இராவிட்டால் என்ன, அதால் ஒன்றும் மாறியிராது என்றார். நாள் முழுவதும் அந்த ஆழத்துக்கு ஏறி இறங்குகிறவனுக்கு மணிக்கணக்கான ஓய்வு வேண்டும். இன்றில்லாவிட்டால் இன்னொருநாள் நடந்திருக்கும் என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

இரண்டாம் தவணையில் பாடசாலையில் சுகாதாரக் கண்காட்சி வைத்தார்கள். என் அறிக்கையைப் பெரிய மட்டையில் ஒட்டி வாசலுக்கு நேரே தொங்கவிட்டிருந்தார்கள். நான் ரீச்சரிடம் போய், அந்த அண்ணாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று சொன்னேன். ரீச்சர் கதிரையில் இருந்துவிட்டார். "எடுத்துவிடுவமோ?" என்று என்னைத்தான் கேட்டார். நான் மறுமொழி சொல்வதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். மட்டை அங்கேயே இருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சிவப்பு வரியை உரத்து வாசித்து, "வெரி குட்" என்றார். அப்போது அண்ணா தூரத்து ஆசுபத்திரியில் கிடந்தார். அங்கே அவர் புகைக்கவில்லை. வரி இன்னும் உண்மையாகத்தான் இருந்தது.

மழைக்கு முன் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முன்னறையில் கட்டில் போட்டார்கள். படகு முதலாளி ஒருமுறை பழங்களோடு வந்து பார்த்தார். மற்றச் சுழியோடிகள் முதலில் அடிக்கடி வந்தார்கள், பிறகு எப்போதாவது வந்தார்கள். மாமிதான் அவரை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரட்டிப் போடுவார். ரீச்சரும் ஒருநாள் என்னோடு வந்தார். கட்டிலடியில் நின்று, "கெதியாச் சுகம் வரும்" என்றார். அண்ணா மரியாதையாக, "ஓம் ரீச்சர்" என்றார்.

ஒரு பின்னேரம் நான் சந்திக்கடையில் பாண் வாங்கிக்கொண்டு நின்றேன். மாமி வந்தார். கோயிலுக்குப் போகிறபோது போடுகிற முக்காட்டைப் போட்டிருந்தார்.

"ஒரு சிகரட் தாங்கோ தம்பி."

கடைக்காரர் திகைத்துப்போனார். "ஆருக்கு அக்கா?"

"எனக்குத்தான்."

கடையில் நின்ற ஆம்பிளைகள் யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் ஒன்றை எடுத்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். நான் அவரோடு கூடவே நடந்தேன். வீட்டுக்குப் போனதும் அடுப்பிலிருந்து எரிகிற கொள்ளி ஒன்றை எடுத்து, சிகரட்டின் நுனியில் வைத்துப் பார்த்தார். பற்றவில்லை. வாயில் வைத்து இழுத்தால்தான் பற்றும் என்பது அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் சிகரட்டையும் கொள்ளியையும் அறைக்குக் கொண்டுபோய் மகனிடமே கொடுத்தார். யன்னலைத் திறந்துவிட்டார்.

அண்ணா பற்றவைத்து ஒருமுறை இழுத்தார். இருமினார். மறுபடி இழுத்தார்.

"என்னடா?" என்றார் மாமி.

"ருசி தெரியேல்லை அம்மா."

ஆனாலும் முழுவதையும் குடித்து முடித்தார். அடுத்த நாளும் மாமி கடைக்குப் போனார். பிறகு ஒவ்வொரு நாளும் போனார்.

நான் சாதாரண தரம் எழுதி, உயர்தரம் எழுதி, யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போனேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அவர் கட்டிலில் இன்னும் கொஞ்சம் சிறிதாகியிருப்பார். என் படிப்பைப் பற்றிக் கேட்பார். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் யன்னலுக்குப் போய்விடும். முதுகில் படுக்கைப் புண் வந்து ஆறாமல் இருந்தது. மாமி மருந்து கட்டத் தொடங்கினால், "நீ போட்டு வா பிள்ளை" என்று அண்ணா என்னை அனுப்பிவிடுவார்.

கடைசி வருடத்தில் ஒருநாள், சிகரட் நெருப்பு அவருடைய தொடையில் விழுந்திருக்கிறது. அவருக்கு உணர்வு இல்லை. துணி கருகிய மணத்தில்தான் மாமி ஓடிவந்தாராம். சின்னக் காயம். அதுவும் ஆறவில்லை. காய்ச்சல் வந்தது, குறைந்தது, திரும்பவும் வந்தது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்த நாட்களில் அம்மா போன் எடுத்துச் சொன்னார்.

நான் வரும்போது அடக்கம் முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. மாமி தனியே இருந்தார். கட்டிலை முன்னறையிலிருந்து எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் கதிரை எதுவும் போடவில்லை. எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, எதிரே நிலத்தில் இருந்தார்.

"நான்தான் பிள்ளை வாங்கிக் குடுத்தது. ஒவ்வொரு நாளும். அந்த நெருப்பு விழாட்டி என்ரை பிள்ளை இன்னும் கொஞ்சக் காலம் கிடந்திருப்பான்."

"அதாலை இல்லை மாமி. முதுகுப் புண்ணிலை இருந்துதான் கிருமி போனது எண்டு டொக்டர் சொன்னவராம் எல்லோ. அம்மா சொன்னா."

"ஓம், சொன்னவர்தான்."

அவர் அதை நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. நான் இன்னும் ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். சிலிண்டர், சிகரட், தபசு காலம் எல்லாம் நெஞ்சில் நின்றன. அன்று அந்தச் சுழியோடி எங்கள் முற்றத்தில் சொன்ன கதை மாமிக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமா, இன்னொரு பாரமாக இருந்திருக்குமா? சொல்லவில்லை.

"தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார். குடித்தேன். யாழ்ப்பாணத்துக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டார். நாளைக் காலமை என்றேன்.

"கவனமாப் போட்டு வா" என்று சொல்லிவிட்டு, கோப்பையைக் கழுவ எழும்பிப் போனார்.